இரட்டை இருக்கை

நம் நாட்டில் விமானங்களுக்கு நட்சத்திரங்களின் பெயரைச் சூட்டிய காலம் ஒன்றிருந்தது. புதுதில்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் இயங்கிய பொது விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையம், 1950களின் பிற்பகுதி தொடங்கி, இயந்திரம் இல்லாமற் பறக்கும் கிளைடர்களை ஒன்றன்பின் ஒன்றாக வடிவமைத்தது. அவற்றுக்கு அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர் என்று பெயரிட்டார்கள். 1970களின் இறுதியில் வந்தது ஆர்த்ரா. வேறொன்றுமன்று, நமது திருவாதிரைதான். பஞ்சாங்கத்தின் முதல் ஆறு நட்சத்திரங்களும் இவ்வாறு வானத்தில் ஏறின. எஸ். ராமாமிர்தம் என்னும் பொறியாளரின் பெயர் இவ்வரிசையின் தொடக்கக் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. உந்துவது எதுவென்று கண்ணுக்குத் தெரியாமல் நகரும் விண்மீன்களின் பெயரை, உந்தும் பொறியே இல்லாத கலத்திற்கு வைத்தவர் யாராயினும், அவர் கொஞ்சம் கவிஞராகவும் இருந்திருக்க வேண்டும்.

கிளைடரைச் சறுக்கு விமானம் என்று தமிழில் எழுதுவோர் உண்டு. நமக்கு அச்சொல் பிடித்திருக்கிறது. ஏனெனில், அக்கலம் செய்வதெல்லாம் ஓயாமற் சறுக்குவதுதான். சரிவில் இறங்கும் வண்டிக்கு மாடு தேவையில்லை என்பதுபோல, காற்று என்னும் சரிவில் அது தன் எடையாலேயே முன்னோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மணிக்கணக்கில் மேலே நிற்பது எப்படி என்று வாசகர் கேட்கலாம். எழும்பூர் நிலையத்தில் மேலேறும் நகரும் படிக்கட்டில் ஒருவர் கீழ்நோக்கி மெல்ல நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறார். ஆயினும் மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றே அந்தப் படிக்கட்டு.

இக்கலங்களுள் நம் கருத்தை மிகவும் கவர்ந்தவை, இருவர் அமரும் பயிற்சிக் கலங்களே. ஒருவர் மட்டும் பறக்கும் கலத்தில் இருக்கும் அறிவியல் எல்லாம் இதிலும் உண்டு. அதோடு, கற்பிப்பவர் எங்கே உட்கார வேண்டும் என்னும் பழைய கேள்வி ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது.

தொடக்கத்தில் கற்பிப்பவருக்கு இருக்கையே இல்லை. 1891 முதல் செருமனியில் குன்றின்மேலிருந்து குதித்துக் குதித்துப் பறந்த ஓட்டோ லிலியந்தாலுக்கு ஆசிரியர் என்று எவரும் இலர். 1896இல் விழுந்து, மறுநாள் இறந்தார். முதல் உலகப் போருக்குப் பின், வெர்சாய் உடன்படிக்கை இயந்திர விமானங்களுக்குக் கடிவாளமிட்டபோது, செருமானிய இளைஞர்கள் 1920இல் வாசர்குப்பே என்னும் குன்றில் கிளைடர்களோடு கூடினார்கள். பின்னாளில் அங்கெல்லாம் பழகிய தொடக்கநிலைக் கலத்தில், திறந்த மரச்சட்டத்தின் முனையில் பலகைபோல ஓர் இருக்கை, அவ்வளவே. தோழர்கள் ரப்பர் கயிற்றை இழுத்து விடுவார்கள். மாணவன் முதல்நாள் தரையிலேயே சறுக்குவான், பிறகு ஓர் ஆள் உயரம் தாவுவான், பிறகு பனையுயரம். ஆசிரியர் கீழே நின்று கத்துவார். அவர் கத்துவது காற்றில் கரையும். இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள் என்பதும், கைகால் முறிந்தவர் பலர் என்பதும் ஒருங்கே உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஆசிரியர் மாணவனோடு கலத்தில் ஏறி அமர்வது எங்கும் வழக்கமாயிற்று.

ஏறி அமர்ந்தார், சரி. அருகிலா, பின்னாலா?

1961ஆம் ஆண்டு மே மாதம் முதன்முறை பறந்த ரோகிணியில் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து அமர்வார்கள். மேற்கூரை இல்லாத திறந்த கூடு. முகத்தில் காற்று அறையும். 16 மீட்டருக்கு மேல் நீண்ட இறக்கை. மரமும் துணியும் பசையுமாக ஆன உடல். ஆர்த்ராவிலோ மாணவன் முன்னால், ஆசிரியர் பின்னால். இந்த மாற்றத்தின் பொருளை நமக்கு விளக்கியவர், செங்கல்பட்டில் குடியிருக்கும் ஒரு முதியவர். வான்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1980களில் என்சிசி மாணவர்களுக்குக் கிளைடர் கற்பித்தவர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு குவளை காப்பியோடு அவர் அமர்ந்தால் நமக்கு நேரம் போவது தெரியாது.

"ரோகிணியில் பையனுடைய கை தெரியும் சாமி. கோலை எப்படிப் பிடித்திருக்கிறான், விரல்மூட்டு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். விரலால் சுட்டிக் காட்டலாம். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. அவன் தொடுவானத்தைப் பார்க்க மாட்டான். என் முகத்தைப் பார்ப்பான். என் முகம் கோணினால் அவன் கோலைத் திருப்புவான். அவன் என் முகத்தை ஓட்டிக்கொண்டிருந்தான், விமானத்தை அல்ல."

பின்னால் அமர்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. முன்னிருக்கை மாணவனுக்கு முன்னே மூக்கும் வானமும் மட்டுமே. தனியாகப் பறக்கும் நாளில் எந்தக் காட்சியைக் காண்பானோ, அதே காட்சியை முதல்நாளே காண்கிறான். வடிவமைப்பாளருக்கும் ஒரு வசதி உண்டு. பின்னிருக்கையைக் கலத்தின் எடைமையத்திற்கு அருகே வைத்துவிடலாம். ஆகவே ஒருநாள் ஆசிரியர் இறங்கிக்கொண்டாலும் கலத்தின் சமநிலை பெரிதாகக் குலையாது. முன்னிருக்கைக்காரர் விஷயம் அப்படியன்று. அவர் எடைமையத்திலிருந்து தள்ளி மூக்கில் அமர்ந்திருப்பதால், குறைந்தது இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று வரையறை உண்டு. மெலிந்தவரானால் ஈயத்தகடுகளை இருக்கையின்கீழ்ப் பொருத்தி எடையைச் சரிக்கட்டுவார்கள். மூக்கு இலேசானால் கலம் வால்பக்கம் கனத்து, வேகம் இழக்கும் வேளையில் மீட்க முடியாத சுழற்சியில் விழக்கூடும். ஆக, ஆசிரியர் இருக்கும்போதே, அவர் இல்லாத நாளை மனத்தில் வைத்து வரைந்த கலம் அது. கற்பிக்கும் பணிக்காகச் செய்யப்பட்ட பொருள்களில் இத்துணை நேர்மையான வடிவத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பின்னிருக்கையிலிருந்து மாணவனின் முகம் தெரியாதே, அச்சத்தை எப்படி அறிவீர்கள் என்று கேட்டோம். "பிடரி" என்றார் ஒரே சொல்லில்.

இரண்டு இருக்கையிலும் கட்டுப்பாட்டுக் கோல் உண்டு, கால்மிதி உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். முதற்பாடத்தில் ஆசிரியர் ஓட்ட, மாணவன் கோலின்மேல் கையை இலேசாக வைத்து அதன் அசைவைத் தொடர்ந்து உணர்வான். பிறகு கட்டுப்பாடு கைமாறும். அதற்கென்று உலகெங்கும் ஒரு சொல்முறை உண்டு. ஒருவர் "கட்டுப்பாடு உன்னிடம்" என்பார். மற்றவர் "கட்டுப்பாடு என்னிடம்" என்று வாய்விட்டு மறுமொழி சொல்லியாக வேண்டும். தலையசைப்பு செல்லாது. அவர் ஓட்டுகிறார் என்று இவரும், இவர் ஓட்டுகிறார் என்று அவரும் எண்ணிக்கொண்டு எவருமே ஓட்டாமல் போய் விபத்துக்குள்ளான கலங்கள் உண்டு. பங்குப் பேரவைக் கூட்டங்கள் பலவற்றில் இச்சொல்முறை நினைவுக்கு வந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கற்கவேண்டியவற்றில் பல, நம் இயல்புக்கு மாறானவை. கோலை இடப்புறம் சாய்த்தால் இடது இறக்கை தாழ்கிறது. ஆனால் மூக்கு சற்றே வலப்புறம் திரும்புகிறது. உயரும் இறக்கையின் பின்விளிம்பு மடல் கீழிறங்கிக் காற்றை அதிகம் தடுப்பதே காரணம். இறக்கை நீளமாதலால் கிளைடரில் இது மிகுதி. காலால் மிதித்து அதைத் திருத்த வேண்டும். திருத்தம் சரிதானா என்று காட்ட, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டிய ஒரு சாண் கம்பளி நூல் போதும். நூல் நேரே பின்னோக்கிப் படிந்திருந்தால் கலம் நேரே செல்கிறது. சாய்ந்தால் காற்று பக்கவாட்டில் மோதுகிறது.

இதைவிடக் கடினமானது வேறொன்று. தரையில் உள்ள விஞ்சு, எஃகுக் கம்பியால் கலத்தை இழுக்கிறது. பட்டம்போல மூக்கு வானை நோக்க ஏறுகிறோம். சில நூறு மீட்டர் உயரத்தில் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அதற்குமுன் பாதிவழியில் கம்பி அறுந்தால்? கலம் மேல்நோக்கி நிற்கிறது. வேகம் நொடிக்கு நொடி தேய்கிறது. தரை அருகில் இருக்கிறது. அந்நேரத்தில் மூக்கை உடனே தாழ்த்த வேண்டும். தரையைக் கண்டு அஞ்சுபவன் தரையை நோக்கியே மூக்கைத் திருப்ப வேண்டும். கோலைப் பின்னுக்கு இழுத்தால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்து கலம் கல்லாய் விழும். இதைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். கைக்குப் புரியவைக்க இரட்டை இருக்கை வேண்டும். ஆசிரியர் சொல்லாமற் கொள்ளாமல் கம்பியைக் கழற்றிவிட்டு, மாணவனின் கை என்ன செய்கிறது என்று காத்திருப்பார்.

இறங்குவதும் ஒரே முறைதான். இயந்திர விமானம் சரியாக வரவில்லையென்றால் மீண்டும் ஒருமுறை சுற்றி வரலாம். கிளைடருக்கு அந்தச் சலுகை கிடையாது. இறக்கையின்மேல் எழும் தடுப்புத் தகடுகளை ஏற்றியும் இறக்கியும் சறுக்கலைச் செங்குத்தாக்கியோ நீட்டியோ, குறித்த இடத்தில் தரை தொட வேண்டும்.

இவ்வளவும் பழங்கதையென்று எண்ணும் அன்பர்கள், நம்மிடம் இதைவிடப் பழைய கதை ஒன்று இருப்பதை நினைவுகூர வேண்டும். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியைப் பலரும் அறிவர். ஆனால் அதைப் பறக்கும் தேர் என்று வியந்ததோடு நிறுத்திவிடுகிறோம். நாம் வியப்பது வேறு இரண்டை. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று தச்சன் பயன்படுத்திய பொருள்களைப் புலவர் பட்டியலிடுகிறார். ரோகிணியின் பட்டறைக் குறிப்பை ஒத்திருக்கிறது அது. மற்றது, அரசி விசயை அதை ஓட்டப் பழகுகிறாள். வலம் திருகினால் எழும். இடம் திருகினால் இறங்கிக் கால் குவித்து அமரும். பழகியபின், கணவன் களத்தில் நிற்க, நிறைமாதக் கருவோடு அவள் தனியே பறக்க நேர்கிறது. நம் இலக்கியத்தில் தனிப்பறப்பு முதன்முதலில் ஒரு பெண்ணுடையது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் அம்மலைக்கு வந்து படையல் உண்டு செல்வது நெடுங்கால வழக்கம். அவ்வூர் ஒருகல் மண்டபத்தில் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள், தங்கள் பெயர்களைக் கீறிவைத்துப் போயிருக்கிறார்கள். மஞ்சள்முகப் பாறு என்று பறவையியலார் குறிக்கும் இனம் அது. 1990களுக்குப் பின் பறவைகள் வரவில்லை. இந்தியா முழுவதும் பாறுகள் அருகிப்போனதற்குக் கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்குளோபினாக் மருந்தே பெருங்காரணம் என்று கண்டு, 2006இல் அதற்குத் தடை வந்தது.

நமது முதியவர் அக்கழுகுகளைச் சிறுவயதில் கண்டவர். அவை ஏன் உச்சிவேளையில் வந்தன என்பதற்கு அவர் தரும் விளக்கம் புராணத்திலிருந்து வருவதன்று. பாறு சிறகடித்து நெடுந்தொலைவு போகும் பறவையன்று. வெப்பக் காற்றில் வட்டமிட்டு ஏறி, சறுக்கி, மீண்டும் ஏறிப் பயணம் செய்வது. காலையில் பாறை சூடேறும்வரை அதற்குப் படிக்கட்டுக் கிடையாது. வெறும் கருங்கல் குன்றுகள் நிறைந்த அப்பகுதியில் உச்சிக்குள் படிக்கட்டு ஆயத்தமாகிவிடும்.

கடற்கரையில் கதை வேறு. வெயில் நாள்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறுகிறது. குளிர்ந்த கனத்த காற்று தரையோடு படர்ந்து உள்ளே வர வர, வெப்பக் காற்று அடங்கிவிடுகிறது. கடற்காற்றும் நிலக்காற்றும் முட்டிக்கொள்ளும் எல்லையில் மட்டும் காற்று மேலே ஏறும். கோடைக்காலத்து மாலை இடிமேகங்கள் சில அங்கேதான் பிறக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய மரக்கிளைடர் அமைதியான காற்றில் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் முன்செல்லும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஆக ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் போதும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணிக்குள் கடற்கரைக் கோவில் காலடியில். ஆனால் 20 கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்று எதிர்த்தால், தரைமேல் செல்லும் வேகம் 50 ஆகிவிடும். உயரமோ முன்போலவே கரையும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயரம் இல்லாமல் போய்ச் சேர முடியாது. கணக்கு மட்டுமே. மீனம்பாக்கம், தாம்பரம், கல்பாக்கம் மூன்றுக்கும் இடையில் விருப்பம்போல் பறக்க எவரும் விடமாட்டார்கள்.

தாம்பரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1954 முதல் அங்கு இயங்குவது வான்படையின் பயிற்றுநர் பள்ளி. பறக்கத் தெரிந்தவர்களுக்குப் பறக்கக் கற்பிப்பது எப்படி என்று சொல்லித்தரும் பள்ளி அது. நம்மவர் பலர் அதன் மதில் ஓரமாகவே மின்தொடர்வண்டியில் போய் வருகிறார்கள்.

சென்ற கோடையில் நம் பங்கைச் சேர்ந்த மீனவர் ஒருவர் ஒரு படிவத்தோடு வந்தார். கேளம்பாக்கம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள், வெளிமாநிலத்தில் நடைபெறும் கிளைடர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தந்தையின் ஒப்புதல் வேண்டும். அவர் கையெழுத்திட மறுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மகள் வீட்டில் உண்ணவில்லை. தாய் இருவருக்கும் நடுவில் அழுதுகொண்டிருந்தாள். "நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க சாமி, நீங்க சொன்னா கேப்பா" என்றார். இத்தகைய வேண்டுகோள்கள் பங்குப் பணியாளருக்குப் புதியனவல்ல. நாமும் பதில் சொல்லாமல், செங்கல்பட்டு முதியவரைத் தொலைபேசியில் அழைத்து மாலையில் வரச் சொன்னோம்.

முதியவர் வந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "தம்பி, உங்க பையனைக் கடலுக்கு எப்போ தனியா விட்டீங்க?" என்று கேட்டார்.

"பதினேழு வயசுல அய்யா. அதுக்கு முன்னாடி மூணு வருசம் எங்கூடவே. கட்டுமரத்துல பாய் கட்டி ஓட்டக் கத்துக் குடுத்தேன். அலை உடையற எடத்துல மூணு தடவை கவுந்தான். நானும் கூட விழுந்து, அவன் முடியப் புடிச்சி இழுத்து மேல போட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "வானத்துல அப்பிடிப் புடிச்சி இழுக்க முடியுங்களா அய்யா? நான் பக்கத்துல இருக்க மாட்டேனே" என்றார்.

அக்கேள்விக்கு எளிய ஆறுதல் ஒன்றை முதியவர் சொல்லிவிடுவாரோ என்று நாம் எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. "முடியாது" என்றார். "ஆசிரியர் இறங்கிட்டா பின்னால யாரும் இல்லை. அவருடைய வார்ப்பட்டையைக் கோல்ல மாட்டாதபடி இறுக்கிக் கட்டிட்டு, கதவைச் சாத்திட்டு, தள்ளி வந்து நிப்பார். அவ்வளவுதான் அவரால ஆகும். ஓர் ஆள் எடை குறைஞ்சதால விமானம் வழக்கத்தைவிட வேகமா ஏறும். இறங்கும்போது சீக்கிரம் தரை தொடாம மிதக்கும். அதை முன்கூட்டியே சொல்லி வைக்கணும். நான் நிறையப் பேரை அப்படி அனுப்பியிருக்கேன். ஒரு தடவைகூட எனக்குக் கை நடுங்காம இருந்ததில்லை."

மீனவர் நெடுநேரம் பேசாதிருந்தார். கடலோரத்து வேப்பமரம் அசையவேயில்லை. கடற்காற்று ஓய்ந்து நிலக்காற்று தொடங்காத வேளை. எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல் என்று குருமடத்தில் படித்ததை நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் நினைத்தது வேறு. கச்சான் பலமாக வீசும் நாளில் அந்த வண்டியை எந்தப் பக்கம் திருப்பி இறக்குவார்கள் என்று கேட்டார். காற்றுக்கு எதிரே என்றார் முதியவர். காற்று செத்துவிட்டால்? மெல்ல இறங்கிவிடும், விழாது. கயிறு அறுந்தால்? மூக்கைத் தாழ்த்தும் பாடத்தை முதியவர் தம் உள்ளங்கையைக் கலமாக்கிக் காட்டினார். மீனவர் அதைத் தம் கையால் ஒருமுறை செய்து பார்த்தார். பாய்மரத்தில் திடீர்க்காற்று அறைந்தால் கயிற்றை இழுக்கக் கூடாது, தளர்த்திவிட வேண்டும், புதியவர்கள் எல்லாரும் இழுத்துத்தான் கவிழ்வார்கள் என்றார். அதன்பின் இருவரும் நம்மை மறந்துவிட்டார்கள். கொண்டலும் வாடையும் கச்சானும் பற்றி, விளக்கு வைக்கும்வரை பேச்சு நீண்டது.

எழும்போது மீனவர் படிவத்தை எடுத்து நீட்டி, ஆங்கிலத்தில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லக் கேட்டார். பெயர், வயது, குருதி வகை. கையெழுத்துப் போட்டார். எடை என்ற கட்டத்தில் மகள் தன் கையால் 43 என்று எழுதியிருந்தாள். முதியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"ஈயத்தகடு வைப்பாங்க" என்றார். "வச்சாங்களான்னு ஏறுறதுக்கு முன்னாடி அவளையே குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க தம்பி."